கடைசித் தவணைக்குப் பின் வரும் கணக்கு: மௌனம் பொறுமையாகாது



சேலம், நாமக்கல் சமவெளியில் சக்கரத்தோடு தொடர்பில்லாத குடும்பம் அரிது. நாமக்கல்லின் டேங்கர் லாரிகளும், சங்ககிரியின் சரக்கு லாரிகளும், திருச்செங்கோட்டின் ரிக் வண்டிகளும் இந்நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் சென்று வருகின்றன. அவ்வண்டிகளின் பின்னால் வளர்ந்தது வாகன ஃபைனான்ஸ் தொழில். நம் சமுதாயத்தவரும் அதற்கு வெளியே இல்லை. ஒருவர் முட்டை ஏற்றும் சிறு வண்டிக்கு டியூ கட்டுகிறார். மற்றொருவர் டிராவல்ஸ் காருக்குக் கட்டுகிறார். பெங்களூரிலும் சென்னையிலும் பணிபுரியும் நம் பிள்ளைகள், தம் அலுவலகத்தின் வழியாகக் காரை லீசுக்கு எடுத்து ஓட்டுகிறார்கள்.

வழிகள் பலவாயினும் முடிவில் கைக்கு வரும் தாள் ஏறக்குறைய ஒன்றே. கடைசித் தவணையைக் கட்டிய பிறகோ, லீஸ் முடிந்து காரைத் திருப்பி ஒப்படைத்த பிறகோ ஒரு 'குளோசிங்' கணக்கு வருகிறது. தாமதக் கட்டணம், காசோலை திரும்பிய கட்டணம், வசூலாளர் வந்து சென்ற செலவு, கீறலுக்கு இவ்வளவு, டயர் தேய்ந்ததற்கு இவ்வளவு, என்.ஓ.சி. தருவதற்கு இவ்வளவு என்று வரிசையாக எழுதி, கட்டினால்தான் தாள் கிடைக்கும் என்கிறார்கள். நம்மவர் என்ன செய்கிறார்? உறவினர் ஒருவரிடம் கைமாற்று வாங்கிக் கட்டிவிட்டு, "அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று சொல்லி வீடு திரும்புகிறார்.

அந்த மௌனத்தை எதிர்த்தே இக்கட்டுரை எழுதப்படுகிறது. கொடுக்க வேண்டியதைக் கொடுப்பது எப்படி மார்க்கக் கடமையோ, அப்படியே கொடுக்க வேண்டாததைக் கேட்பவரிடம் கணக்குக் கேட்பதும் கடமையே.

எழுதச் சொன்ன மார்க்கம்

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது என்று நம் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். தொழுகை, நோன்பு என்று ஊகிப்பார்கள். அது கடன் பத்திரம் எழுதுவதைப் பற்றியது (2:282). சிறிய கடனாயினும் பெரிய கடனாயினும் சோம்பாமல் எழுதிக்கொள்ளுமாறும், நீதியாய் எழுதும் எழுத்தரையும் சாட்சிகளையும் வைத்துக்கொள்ளுமாறும் அது கட்டளையிடுகிறது. அதில் நாம் கவனிக்கத் தவறும் ஒரு செய்தி உண்டு. பத்திரத்தின் வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன் கொடுப்பவரல்லர், கடன்படுபவர். அவரால் இயலாவிட்டால் அவருடைய பொறுப்பாளர் நீதியுடன் சொல்ல வேண்டும்.

இன்று நடப்பது நேர்மாறு. கொடுப்பவர் பல பக்க ஆங்கிலத் தாளை அச்சிட்டு வைத்திருக்கிறார். ஷோரூம் மேசையில் பக்கத்துக்கொரு கையெழுத்து, சில வெற்றுக் காசோலைகள், சில வேளைகளில் நிரப்பப்படாத படிவங்கள். கூட்டுக் கடனாளியாகவோ ஜாமீனாகவோ மனைவியோ தாயோ கையெழுத்திடுகிறார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டவர் எவருமில்லை. வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் வாசகத்தையே அறியாமல் எழுந்து வருகிறார்.

"கையெழுத்துப் போட்டாயிற்றே!"

முதல் சமாதானம் இதுதான். ஒப்பந்தங்களை நிறைவேற்றுங்கள் என்பது இறைக்கட்டளை (5:1), அதில் ஐயமில்லை. லீசில் ஒப்புக்கொண்ட கிலோமீட்டரைத் தாண்டி ஓட்டியிருந்தால், அதற்கென எழுதிய வீதப்படி கொடுத்தே ஆக வேண்டும். தவணை தவறியிருந்தால் அதன் நியாயமான விளைவை ஏற்க வேண்டும். ஆனால் ஒப்பந்தத்தில் அச்சிட்ட எல்லாமே சட்டமாகிவிடாது. இதை மார்க்க அறிஞர்கள் மட்டுமல்ல, இந்நாட்டின் சட்டமும் சொல்கிறது.

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 74-இல், ஒப்பந்தத்தில் எழுதிய அபராதத் தொகை உச்சவரம்பு மட்டுமே என்கிறது. அதற்குள் நியாயமான இழப்பீட்டையே பெற முடியும். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்ற ஒன்றையே வரையறுத்தது. ஏற்பட்ட இழப்புக்குச் சற்றும் பொருந்தாத அபராதம், நுகர்வோரைப் பாதகத்தில் தள்ளும் நியாயமற்ற கட்டணம், உரிய கட்டணம் செலுத்த முன்வந்தும் கடனை முன்கூட்டி அடைக்க விடாமை ஆகியவை அந்த வரையறைக்குள் வருகின்றன.

தகராறு வந்தால் மும்பையிலோ சென்னையிலோ நடுவர் தீர்ப்பாயத்துக்குத்தான் போக வேண்டும் என்று பத்திரத்தில் இருக்கிறதே என்பார்கள். அப்படி ஒரு விதி எழுதியிருப்பதாலேயே நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடப்படாது என்பதை, எமார் எம்.ஜி.எஃப். நிறுவனத்தின் வழக்கில் 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்திவிட்டது.

தவணைமுறைக் கொள்முதல் எனப்படும் ஹையர் பர்சேசுக்கு 1972-இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. அது ஒருநாளும் நடைமுறைக்கு வராமலேயே 2005-இல் நீக்கப்பட்டது. தனிச்சட்டம் இல்லாத அந்த வெற்றிடத்தில்தான் நிறுவனங்கள் எழுதிய பத்திரமே சட்டம் என்ற எண்ணம் நம் ஊர்களில் வேரூன்றியது. வெற்றிடம் இன்று பெரும்பாலும் நிரம்பிவிட்டது; எண்ணம் மட்டும் மாறவில்லை.

"வட்டியில் போனவனுக்கு இது வேண்டும்"

இரண்டாவது சமாதானம் நம் பள்ளிவாசல் திண்ணைகளில் கேட்பது. வட்டி ஹராம் என்பதில் இருவேறு கருத்தில்லை. வட்டியைத் தவிர்க்கும் வழியைத் தேடுவது ஒவ்வொரு முஃமினின் கடமை. ஆனால் ஒருவர் தவறான வழியில் சென்றார் என்பதற்காக அவருடைய பொருளை முறையின்றி உண்பது ஆகுமாகிவிடுமா? ஒருவருக்கொருவர் பொருளைத் தவறாக உண்ணாதீர்கள் என்ற கட்டளைக்கு (4:29) இப்படியொரு விலக்கு எங்கே இருக்கிறது?

இன்னும் ஒன்றைச் சிந்தியுங்கள். அறியாமைக் காலத்து அரபியரிடம் தவணை முடிந்ததும் கடன் கொடுத்தவர் கேட்பது ஒரே கேள்வி: அடைக்கிறாயா, கூட்டித் தருகிறாயா? தாமதத்துக்கு ஈடாகக் கடனே பெருகும். இரட்டிப்பாய்ப் பெருகும் அந்த வட்டியையே திருமறை (3:130) பெயர் சொல்லிக் கண்டித்தது. இன்றைய குளோசிங் கணக்கில் தாமத அபராதம், அந்த அபராதத்தின்மேல் வட்டி என்று ஏறுவது அதன் மறுபிறவியே. அதை எதிர்ப்பவர் வட்டிக்குத் துணைபோகவில்லை. வட்டியின் மிகக் கொடிய வடிவத்தை எதிர்க்கிறார்.

மார்க்கத்தை அடிப்படையாகக் கொள்ளாத ரிசர்வ் வங்கியே இந்த முடிவுக்கு வர வேண்டியிருந்தது. 2023 ஆகஸ்ட் 18 அன்று வங்கிகளுக்கும் ஃபைனான்ஸ் நிறுவனங்களுக்கும் அது ஒரு சுற்றறிக்கை விடுத்தது. அபராதத்தை வட்டி வீதத்தோடு கூட்டி 'அபராத வட்டி' என வாங்கக் கூடாது. தனிக் கட்டணமாகவே வாங்க வேண்டும். அக்கட்டணத்தின்மேல் மீண்டும் வட்டி ஏற்றக் கூடாது. அது தவறின் அளவுக்குப் பொருந்தியதாய் இருக்க வேண்டும். கடன் ஒழுங்கைக் காக்கவே அபராதம், வருமானம் பெருக்க அல்ல. புதிய கடன்களுக்கு 2024 ஏப்ரல் 1 முதலும், பழைய கடன்களுக்கு அவ்வாண்டு ஜூன் 30-க்குள்ளும் இது நடைமுறைக்கு வந்தது. இந்த அபராதக் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. இல்லை என்பதையும் 2024 டிசம்பரில் கூடிய 55ஆவது ஜி.எஸ்.டி. மன்றக் கூட்டம் தெளிவாக்கியது. உங்கள் தாளில் அபராதத்தின்மேல் 18 விழுக்காடு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.

கணக்கு எளிது. எடுத்துக்காட்டாக, 12,000 ரூபாய்த் தவணை ஒன்று பத்து நாள் தாமதமானதாகக் கொள்வோம். ஆண்டுக்கு 36 விழுக்காடு என்ற கடும் வீதத்தில் வைத்தாலும் அந்தத் தாமதத்தின் விலை 118 ரூபாய்தான். தாளில் 1,500 என்று எழுதியிருந்தால், மீதி எதற்கு என்று கேட்பது அடாவடியாகுமா?

கீறலும் தேய்மானமும்

லீசுக்கு எடுத்த காரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். வட்டியைத் தவிர்க்கும் எண்ணத்தோடே சிலர் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வாடகை ஒப்பந்தம் நம் ஃபிக்ஹு நூல்களில் 'இஜாரா' என்ற பெயரில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக விரிவாகப் பேசப்பட்டு வருவது. ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபுகளின்படியும் வாடகைப் பொருள் வாடகைதாரரின் கையில் அமானிதம். அவர் வரம்பு மீறினாலோ அலட்சியம் செய்தாலோ ஏற்படும் சேதத்துக்கு மட்டுமே அவர் பொறுப்பு. முறையான பயன்பாட்டில் வரும் தேய்மானம் உரிமையாளரைச் சேர்ந்தது. ஏனெனில் வாடகை வாங்கியதே அந்தப் பயன்பாட்டுக்குத்தான். பஹ்ரைனைத் தலைமையிடமாகக் கொண்ட ஆயோஃபி என்னும் இஸ்லாமிய நிதித் தரநிலை அமைப்பும் தன் இஜாரா விதிகளில் இதையே நிலைநாட்டுகிறது.

மூன்றாண்டு ஓடிய காரில் டயர் தேயாமல் இருக்குமா? பம்பர் ஓரத்தில் மயிரிழைக் கீறல் விழாமல் இருக்குமா? இவை தேய்மானம். மோதிக் கதவு நசுங்கியது சேதம். இரண்டையும் ஒரே தாளில் ஒரே விலையில் எழுதுவது அநீதி. பிரிட்டனில் வாகன லீஸ் நிறுவனங்களின் சங்கமே நியாயமான தேய்மானம் எது, சேதம் எது என்பதற்கு வழிகாட்டி நூல் வெளியிட்டிருக்கிறது. நம் நாட்டிலோ பெரும்பாலும் காரை வாங்கிப் பார்ப்பவரின் கண்ணே அளவுகோல். அதனால்தான் ஒப்பந்தம் போடும் நாளிலேயே அந்த அளவுகோலை எழுத்தில் கேட்க வேண்டும். ஒப்படைக்கும் நாளில் இரு தரப்பும் உடனிருந்து பார்த்து, கிலோமீட்டர் அளவையும் வண்டியின் நான்கு பக்கங்களையும் படமெடுத்து, குறித்த பட்டியலில் இருவரும் கையெழுத்திட வேண்டும். பழுதுபார்த்த ரசீது இல்லாமல் பழுதுச் செலவை ஏற்கக் கூடாது. அதே சேதத்துக்கு நிறுவனம் காப்பீட்டுத் தொகை பெற்றதா என்றும் கேட்க வேண்டும்; ஒரே பள்ளத்தை இருவரிடம் விற்க முடியாது.

அலுவலகத்தின் வழியாக எடுத்த கார் எனில், பெரும்பாலும் ஒப்பந்தம் அலுவலகத்துக்கும் லீஸ் நிறுவனத்துக்கும் இடையிலானது. பணமோ உங்கள் சம்பளத்தில் கழியும். ஆகவே மறுப்புக் கடிதத்தை இரு தரப்புக்கும் அனுப்புங்கள். விசாரணை முடியுமுன் சம்பளத்தில் பிடிக்கச் சம்மதமில்லை என்பதையும் அதில் எழுதுங்கள்.

"பொறுமையாய் இருப்போம்"

மூன்றாவது சமாதானம் மிகவும் மென்மையானது. அதனால் மிகவும் ஆபத்தானது. ஸப்ர் என்பது இறைவன் தந்த சோதனையில் நிலைகுலையாமை. மனிதன் இழைக்கும் அநீதிக்கு வாய்மூடி வழிவிடுவதற்கு அந்தப் பெயரைச் சூட்டாதீர்கள்.

நபி (ஸல்) அவர்களிடம் ஒருவர் தமக்கு வரவேண்டிய ஒட்டகக் கடனைக் கடுமையாகப் பேசிக் கேட்டார். தோழர்கள் சினந்து அவரை அடக்க முனைந்தனர். நபியவர்களோ, உரிமை உடையவருக்குப் பேசும் உரிமை உண்டென்று கூறித் தோழர்களைத் தடுத்து, அவருக்கு உரியதைவிடச் சிறந்த ஒட்டகத்தைக் கொடுக்கச் செய்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவான நிகழ்வு இது. இறைத்தூதரிடமே உரிமையாளர் குரல் எழுப்பலாம் எனில், ஃபைனான்ஸ் அலுவலகத்து மேலாளரிடம் எழுப்பக் கூடாதா?

அந்நிகழ்வு நம்மையும் நோக்கிப் பேசுகிறது என்பதை மறைக்க வேண்டாம். வசதி இருந்தும் கடனை இழுத்தடிப்பது அநீதி என்று சொன்னவர்களும் அதே நபிதான். ஹையர் பர்சேஸில் தவணை தவறினால் வண்டியை மீட்கும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு என்பதை 2020-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. ஆனால் அதே நீதிமன்றம் 2007-இல் ஐசிஐசிஐ வங்கியின் வழக்கிலும், 2011-இல் சிட்டிகார்ப் மாருதி ஃபைனான்ஸின் வழக்கிலும், அடியாட்களை வைத்து வண்டியைப் பறிப்பதைக் கண்டித்தது. மீட்பு சட்ட வழியிலேயே நடக்க வேண்டும் என்றது. சுங்கச்சாவடி அருகே நடுச்சாலையில் மறித்துச் சாவியைப் பிடுங்குவதும், பிறகு அதற்கான 'சீசிங்' கூலியை உங்கள் கணக்கிலேயே எழுதுவதும் உரிமையில் அடங்கா.

கேட்கும் முறை

சினத்தால் ஆவது ஒன்றுமில்லை, எழுத்தால் ஆகும்.

முதலில் முழுக் கணக்கு அறிக்கையைக் கேளுங்கள். ஒவ்வொரு கட்டணத்துக்கும் ஒப்பந்தத்தின் எந்த விதி ஆதாரம் என்று கடிதத்திலோ மின்னஞ்சலிலோ வினவுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் அனுமதிக்கப்பட்ட தனிநபர், சிறுதொழில் தவணைக் கடன்களுக்கு, எல்லாக் கட்டணங்களையும் திரட்டிக் காட்டும் முக்கிய விவரத் தாள் ஒன்றைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அது கடனாளிக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். அதில் இல்லாத கட்டணத்தைக் கடனாளியின் வெளிப்படையான சம்மதமின்றி வாங்க முடியாது. தமிழில் கேளுங்கள், கேட்பது சலுகையன்று.

தகராறில்லாத தொகையைக் கட்டி ரசீது பெறுங்கள். தகராறுள்ள தொகையைக் கட்டியே ஆக வேண்டிய நிலை வந்தால், 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று எழுதிக் கட்டுங்கள். நிரப்பாத தாளிலும், 'விருப்பத்துடன் வண்டியை ஒப்படைக்கிறேன்' என்ற கடிதத்திலும் கையெழுத்திடாதீர்கள்.

சொந்தப் பயன்பாட்டுக் கார்க் கடன் முழுதும் அடைந்தபின், 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தந்து, பதிவேட்டிலுள்ள பொறுப்பை நீக்க வேண்டும். தவறு நிறுவனத்துடையதாயின், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் இழப்பீடு என்பது 2023 டிசம்பர் 1 முதல் விதி. என்.ஓ.சி.யும் படிவம் 35-உம் பெற்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யிலுள்ள ஃபைனான்ஸ் பெயரை நீக்கும்வரை உங்கள் வேலை முடியவில்லை.

நிறுவனம் 30 நாளில் பதில் தராவிட்டால், அல்லது மறுத்துவிட்டால், அது ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்புத் திட்டத்துக்கு உட்பட்ட நிறுவனமெனில், வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். உதவி எண் 14448. லீஸ் நிறுவனம் அத்திட்டத்துக்குள் வராததாயின், நுகர்வோர் ஆணையமே வழி. சேலத்திலும் நாமக்கல்லிலும் மாவட்ட ஆணையங்கள் உள்ளன. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். நிறுவனத்தின் தலைமையகம் எங்கிருந்தாலும் கவலையில்லை. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் எனில் புகார்க் கட்டணமே இல்லை. வழக்கறிஞர் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. இரண்டாண்டுக்குள் புகார் தர வேண்டும். ஒப்பந்தமே நியாயமற்றது என்று அறிவிக்கக் கோரினால் மட்டும் மாநில ஆணையத்துக்குச் செல்ல வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வண்டி தொழிலுக்கானது ஆயிற்றே, நான் நுகர்வோரா என்று கேட்கலாம். சுயதொழிலால் வாழ்வதற்கென மட்டுமே வண்டி வைத்திருப்பவரை நுகர்வோராகவே சட்டம் ஏற்கிறது. பல லாரிகளை வைத்து வணிகம் செய்பவருக்கு இந்தக் கதவு எளிதில் திறக்காது.

நம் வீட்டுக் கணக்கு

இவ்வளவும் பிறரை நோக்கிச் சொன்னது. நம்மவரிலும் டிராவல்ஸ் நடத்துவோர் உண்டு. செல்ஃப் டிரைவ் கார் வாடகைக்கு விடுவோர் உண்டு. பழைய கார் வாங்கி விற்போர் உண்டு. கார் திரும்பி வந்ததும் முன்பே இருந்த கீறலைக் காட்டி முன்பணத்தில் பிடித்துக்கொள்பவர் நம்முள் எவருமில்லை என்று சொல்ல முடியுமா? அளவில் மோசடி செய்வோருக்குக் கேடு என்று எச்சரித்தே ஓர் அத்தியாயம் தொடங்குகிறது (83). வாங்கும்போது நிறைவாய் அளந்து, கொடுக்கும்போது குறைப்பவர்களைப் பற்றியது அது. தராசுக்கு மட்டுமா அந்த எச்சரிக்கை? கீறலை அளக்கும் கண்ணுக்கும் அது பொருந்தும். பெருநிறுவனத்திடம் நியாயம் கேட்கும் நாம், முதலில் நம் வாடிக்கையாளருக்கு அந்த நியாயத்தைக் கொடுத்திருக்க வேண்டும்.

ஜமாஅத்துகளிடம் ஒரு கோரிக்கை

நிக்காஹ் பதிவேடும் ஜனாஸா ஏற்பாடும் கவனிக்கும் நம் ஜமாஅத்துகள், பத்திரம் படித்துச் சொல்லும் ஒரு மேசையையும் ஏற்படுத்தட்டும். கோட்டையிலும் ஆத்தூரிலும் சங்ககிரியிலும் நாமக்கல்லிலும் நம் சமுதாயத்தில் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், வங்கியில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள், ஆங்கிலம் கற்ற பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். வாரத்தில் ஒருநாள் அஸருக்குப் பின் ஒரு மணி நேரம் போதும். கையெழுத்திடும் முன் தாளைக் கொண்டு வாருங்கள் என்று ஜும்ஆவில் ஒருமுறை அறிவிக்கட்டும். ஜாமீனாகக் கையெழுத்திடும் தாய்மார்களுக்குத் தனியே விளக்கட்டும். வாசகத்தைச் சொல்ல இயலாதவருக்காக அவருடைய பொறுப்பாளர் சொல்லட்டும் என்றல்லவா திருமறை கற்பித்தது? இன்று அந்தப் பொறுப்பாளராக நிற்க வேண்டியது ஜமாஅத்தே.

பிறர் பொருளை நம்மிடம் தங்கவிடாமலும், நம் பொருளைப் பிறர் முறையின்றிப் பறிக்க இடம் தராமலும் வாழும் நேர்மையை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.